பாறைக்குள் இறங்கிய டிரைகுளோரோஎத்திலீன்: இறைப்பதா, நுண்ணுயிரிடம் விடுவதா?

ஓசூரில் நிலத்தடி நீர் என்றாலே பேச்சு டிடிஎஸ்ஸில்தான், அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவில்தான், போய் நிற்கிறது. உதிரிபாகங்களில் ஒட்டிய கிரீஸைக் கழுவப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் அந்த மீட்டரில் சிக்காது. புற்றுநோய் உண்டாக்கும் இந்தக் கரைப்பான், குடிநீரில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டறைத் தொட்டி கசிந்தால் என்ன வழி?

இறைத்துச் சுத்திகரிப்பது பழகிய முறை. மோட்டார் போட்ட அன்றே பலன் உண்டு. அழுக்கு பக்கத்துத் தோட்டத்து போர்வெல்லுக்குப் போகாமல் தடுக்கலாம். ஆனால் இந்தத் திரவம் தண்ணீரைவிட சுமார் 1.46 மடங்கு கனம். நம் கருங்கல் பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். பல வருஷம் இறைத்தாலும் தீராது. காற்றூதிப் பிரித்தால் விஷம் காற்றுக்குப் போகிறது; கரியில் வடிகட்டினால் கரியில் சேர்கிறது.

இன்னொரு வழி, நுண்ணுயிரிடம் விடுவது. அதில் காற்றுள்ள முறை, காற்றில்லா முறை என இரண்டு உண்டு. காற்றுள்ள இடத்தில், மீத்தேன் தின்னும் பாக்டீரியா இதை உடைக்கும். பாறைக்குள் மீத்தேனும் ஆக்சிஜனும் சேர்த்து அனுப்புவதுதான் பெரும்பாடு.

என் ஓட்டு காற்றில்லா முறைக்கு. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அறிவித்த டீஹாலோகாக்காய்ட்ஸ் என்ற பாக்டீரியா, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல இந்தக் கரைப்பானைச் சுவாசிக்கிறது. மூன்று குளோரினையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் நச்சில்லாத எத்திலீனாக விடுகிறது. அதற்கு உணவாகும் ஹைட்ரஜன், மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) புளிப்பதில் கிடைக்கும். மொலாசஸுக்கு அலைய வேண்டாம், பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் சர்க்கரை ஆலைகள் உண்டு. நம் ஊர் வெப்பமும் இதற்குத் தோது.

இரண்டு ஆபத்துகளை மறைக்கக் கூடாது. புளிப்பு ஏறி பிஎச் 6-க்குக் கீழே போனால் வேலை நின்றுவிடும். சுண்ணாம்பு குறைந்த பாறை அதைச் சமன் செய்யாது, சோடா உப்பு சேர்த்தாக வேண்டும். அதைவிட மோசம், பாதி வழியில் நிற்பது. அங்கே தேங்கும் வினைல் குளோரைடு மூலத்தைவிடக் கொடியது.

ஆகவே கசிந்த இடத்தில் நுண்ணுயிர், எல்லையில் அதுவரை மோட்டார் என்று இரண்டும் வேண்டும். 'டிரைகுளோரோஎத்திலீன் இல்லை' என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டை ஏற்காதீர்கள். வழியில் உருவாகும் டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு, கடைசியில் வரும் எத்திலீன் அளவுகளையும் கேளுங்கள். மாதிரி எடுக்கும்போது கூடவே நில்லுங்கள். கண்ணாடிக் குப்பியைத் தளும்ப நிரப்பி மூடி, கவிழ்த்துத் தட்ட வேண்டும். குமிழி ஏறினால் கரைப்பான் அதற்குள் ஆவியாகி அளவு குறைத்துக் காட்டும். வேறு குப்பியில் மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள்.