கழுத்து ஸ்கேன் என்று போய் 14,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்த கதை

சென்ற வைகாசியில் நடந்தது. கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். போன வாரம் எங்கள் தெருவில் இன்னோர் ஆச்சியை அதே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் பலகாரம் போட்டுக் கொடுப்பவள். கல்யாணச் சீருக்கு மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, கைச்சுற்று முறுக்கு. வயது 48. மாசி வாக்கில் வலது கை மரக்கத் தொடங்கியது. ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு விழிப்பு வரும். கை கட்டை மாதிரி கிடக்கும். உதறினால் கொஞ்சம் உயிர் வரும். கூடவே கழுத்தும் பிடித்துக்கொண்டது. நாளெல்லாம் குனிந்தே இருப்பவளுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தடவிக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு நாள் முறுக்கு சுற்றும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு இருப்பதே தெரியவில்லை. இந்த இரண்டு விரலை வைத்துத்தான் என் பிழைப்பே. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பக்கத்தில் ஓர் எலும்பு டாக்டர். நான் சொன்னதை இரண்டு நிமிடம் கேட்டார். கையைத் தொடவில்லை, கழுத்தைத் திருப்பச் சொல்லவில்லை, எந்த விரல் என்றுகூடக் கேட்கவில்லை. "எம்ஆர்ஐ எடுத்துட்டு வாங்க ஆச்சி, ஹோல் ஸ்பைன்" என்று, அதாவது முதுகெலும்பு முழுவதும் எடுக்கச் சொல்லி, ஒரு சீட்டைக் கொடுத்தார். அந்தச் சீட்டு அவருடையதே அல்ல, ஸ்கேன் சென்டர் அச்சடித்துக் கொடுத்தது. மேலே அவர்கள் பெயர், கீழே கட்டம் கட்டமாகப் பரிசோதனைகள், இவர் டிக் மட்டும் போட்டார். "வேற எங்கயும் எடுத்துடாதீங்க, படம் தெளிவா இருக்காது" என்றார். அந்தச் சீட்டை வாங்கியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வலி இருக்கிறவளுக்கு அந்த நேரத்தில் டாக்டர் சொல்வதுதான் வேதம்.

மறுநாள் காலை வீட்டு வாசலுக்கே வேன் வந்தது. இலவசமாம். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள், தேவகோட்டைப் பக்கத்தில் ஒருவர் ஏறினார். டிரைவர் போனில் யாரிடமோ "இன்னிக்கு நாலு கேஸ்ண்ணே" என்றார். ஒன்றரை மணி நேரப் பயணம். இலவச வேனில் போனால் இறங்கி விலை விசாரிக்க வாய் வராது, அதையும் கணக்குப் போட்டுத்தான் வேன் விடுகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கழுத்து, நடுமுதுகு, இடுப்பு என மூன்று பகுதி. மொத்தம் 14,500 ரூபாய், ரொக்கமாக. கட்டினேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் எம்ஆர்ஐ 2,500 ரூபாய்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று வீட்டுக்கு வந்து என் மகளிடம் காட்டிக் கேட்டேன். இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா, உடம்புக்குள் உலோகம் ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் எதிரே அவர்களே 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. தாலிச் சங்கிலியையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்வதில் மட்டும் குறைச்சல் இல்லை. அந்த மிஷின் பெரிய காந்தம். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரை அது இழுத்துக்கொண்டது, அவர் இறந்தே போனார். அப்படிப்பட்ட இடத்தில் இந்த அலட்சியம்.

உள்ளே போனேன். டமார் டமாரென்று சத்தம். எச்சில் விழுங்காதே, அசையாதே என்று யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு மூன்று தடவை விழுங்கினேன். வெளியே காத்திருந்த என் தம்பி மகன் "என்னத்தே, அதுக்குள்ள வந்துட்டீங்க? பதினஞ்சு நிமிஷம்தான் ஆச்சு" என்றான். அட, சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். மூன்று பகுதியையும் ஒழுங்காக எடுக்க அந்த நேரம் போதாது என்று யார் கண்டது.

சாயந்திரம் படமும் ரிப்போர்ட்டும் வந்தன. நாலு இடத்தில் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது, பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. அதே எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது அரை நிமிடம் இருக்கும். "ஆபரேஷன்தான். தள்ளிப் போட்டா கை விளங்காமப் போயிடும்" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம், முதலில் 50,000 கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்பதற்கும் ஒரு சீட்டு. அன்றிரவு கை மரக்காமலே தூக்கம் போனது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு 3,000 முறுக்கு ஒத்துக்கொண்டிருந்தேன், மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது என்னைவிட அந்த வீட்டு ஆச்சிதான் அழுதார்கள்.

அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) பிடிவாதமாக நின்றதால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் மதுரையில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. முதலில் கையைக் காட்டச் சொன்னார்.

எந்தெந்த விரல்? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரல்? நன்றாக இருக்கிறது. ராத்திரி உதறினால் சரியாகிறதா? ஆமாம். ரவிக்கைக் கொக்கி மாட்ட முடிகிறதா, நடையில் தள்ளாட்டம் உண்டா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்றும் கேட்டார். இதிலெல்லாம் கோளாறு இருந்தால் தண்டுவடமே நசுங்குகிறது, அப்போது ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். எனக்கு எதுவும் இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து மேலிருந்து லேசாக அழுத்திப் பார்த்தார், கைக்கு வலி இறங்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் மடக்கி, புறங்கையோடு புறங்கை ஒட்டவைத்து ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். அரை நிமிடத்துக்குள் அதே மூன்று விரலும் மரத்துவிட்டன. எனக்கு ஏதோ மந்திரம் மாதிரி இருந்தது.

பிறகுதான் படத்தை எடுத்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை. "ஆச்சி, வாழைத்தண்டை நீளமாப் பிளந்தா ஒண்ணு தெரியும், வட்ட வட்டமா நறுக்கினா வேற தெரியும். நரம்பு நசுங்குதான்னு பாக்கணும்னா வட்டமும் வேணும். உங்க நடுமுதுகுக்கும் இடுப்புக்கும் ஒரு வட்டம்கூட எடுக்கல" என்றார். சும்மா நீளவாக்கில் ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டு மூன்று முழு ஸ்கேனுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டுமே எனக்குத் தேவையில்லாதவை என்பது வேறு கதை. கழுத்தில் வட்டம் எடுத்திருந்தார்கள், ஆனால் நான் எச்சில் விழுங்கியதில் பாதி கலங்கிப்போயிருந்தது.

ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். நோயாளியின் தொந்தரவு என்ற இடத்தில் 'இடுப்பு வலி, இடது காலுக்கு இறங்குகிறது' என்று இருந்தது. யாருடைய இடுப்போ, யாருடைய காலோ! பழைய ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போல. கழுத்தில் ஐந்தாம் ஆறாம் எலும்புக்கு நடுவே கொஞ்சம் பிதுக்கம் இருந்தது உண்மைதான். அது இடது பக்கம். மரப்பது என் வலது கை. இந்த வயதில் பிதுக்கம் இல்லாத கழுத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றார். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேரைப் படமெடுத்ததில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்ததாம், 2015-இல் வெளியான ஆய்வு. 'பிதுக்கம்' என்ற ஒரு சொல்லைக் கேட்டு இரண்டே முக்கால் லட்சம் கட்டப் பார்த்தேன்.

மணிக்கட்டில் நரம்பு போகும் பாதை இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். மின்சாரம் வைத்து நரம்பின் வேகத்தை அளக்கும் பரிசோதனையில் மணிக்கட்டில் மந்தம் என்று வந்தது. இத்தனை வருஷம் உரல் பிழிந்த கை. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவும் தெரிந்தது, அதுவும் இந்த இறுக்கத்துக்கு ஒரு காரணமாம். ராத்திரி மணிக்கட்டுப் பட்டை, தைராய்டு மாத்திரை, கழுத்துக்குக் கொஞ்சம் பயிற்சி. இரண்டு மாதத்தில் ராத்திரி விழிப்பு நின்றது.

சரி, பணம். சென்டருக்குப் போன் செய்து, ஸ்கேன் படங்களைப் பதிந்த சிடியைக் கேட்டேன். "அழிஞ்சு போச்சும்மா" என்றார்கள். அப்புறம் 500 ரூபாய் கொடுத்தால் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மகள் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும், ஆள் அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது, இரண்டுமே 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கின்றன. அதைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். நான்காம் நாள் சிடி வந்துவிட்டது. அழிந்துபோன சிடி! நடுமுதுகில் 11 படம், இடுப்பில் 13 படம், எல்லாம் நீளவாக்கு.

கமிஷன் விஷயத்தில் என்னிடம் ஆதாரம் கிடையாது. அச்சடித்த சீட்டும் டிரைவரின் நாலு கேஸும்தான். அந்த டாக்டரை ஒன்றும் செய்ய முடியவில்லை. சென்டர்காரர்கள் 6,000 தருகிறோம், இனிப் புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இழுக்கும் என்கிறார்கள், இழுக்கட்டும். ரசீது, சீட்டு, ரிப்போர்ட், சிடி எல்லாவற்றையும் மனகோலம் போட்டு வைக்கும் தகர டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வேனில் போன அந்த ஆச்சி வீட்டுக்கு நேற்று போனேன். அவர்களுக்கு இடது கையாம். எந்த விரல் என்று கேட்டேன். "அதை யாரும் கேக்கலையே" என்றார்கள்.