பத்து வயதில் சொந்தக் கையெழுத்து: அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு பற்றி ஒரு மதிப்பீடு

குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் நடைபெறும் கோபாலபுரம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் உறவினர்கள் வந்து நிறைவார்கள். புறப்படும்போது பிள்ளைகளின் கையில் நூறோ இருநூறோ வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பணம் பெரும்பாலும் அம்மாவின் பீரோவுக்குள் போய்ச் சேரும். பிறகு யாரும் அதைக் கேட்பதில்லை, பிள்ளைக்கும் அது தன் பணம் என்ற நினைவே மறந்துபோகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. 2024ஆம் ஆண்டுத் திருவிழாவில் என் மகனுக்குச் சேர்ந்த 2,300 ரூபாயை அவன் பெயரிலேயே அஞ்சலகத்தில் போட்டோம். அப்போது அவனுக்குப் பதினொரு வயது.

அதற்கு முன் ஒரு தனியார் வங்கிக் கிளையில் விசாரித்தோம். அங்கிருந்தவர் என்னிடம் மட்டுமே பேசினார். அருகில் நின்ற பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை, பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் கணக்கு தொடங்கித் தாமே பணம் போடவும் எடுக்கவும் விதி இடம் தருகிறது. 500 ரூபாய் இருந்தால் தொடங்கலாம். பெற்றோரின் அடையாளச் சான்றுகளுடன் பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். படிவத்தில் இடும் கையெழுத்தைத்தான் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், என் மகன் இரண்டு நாட்கள் நோட்டில் எழுதிப் பழகிவிட்டு வந்து கையெழுத்திட்டான். இந்தக் கணக்கின் முதன்மையான சிறப்பு என்று அந்தக் கையெழுத்தையே சொல்வேன். கைப்பேசியில் காட்டி முடித்துவிடும் பரிமாற்றத்தில் கிடைக்காத பொறுப்பு அதில் இருக்கிறது.

வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடுதான். குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வட்டியைக் கணக்கிடும் முறை ஒரு பிள்ளைக்கு நல்ல பாடம். ஒரு மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. நாங்கள் மே 17ஆம் தேதி பணம் போட்டதால், மே மாதத்துக்கு ஒரு காசும் வரவில்லை. ஆகஸ்டு மாதம் 20ஆம் தேதி அவன் 600 ரூபாய் எடுத்து ஒரு பூப்பந்து மட்டை வாங்கினான். அதன் நரம்பு இரண்டே வாரத்தில் அறுந்தது. அழுதான். வேறொன்று வாங்கித் தரலாமா என்று எனக்கும் மனம் தடுமாறியது. வாங்கித் தரவில்லை, அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். மார்ச் இறுதியில் பாஸ்புக்கில் வட்டி 61 ரூபாய் என்று பதிவானது. மட்டை வாங்காமல் இருந்திருந்தால் 77 ரூபாய் வந்திருக்கும் என்பதை அவனே காகிதத்தில் போட்டுப் பார்த்துச் சொன்னான். வட்டிக் கணக்கை அவன் பாடப்புத்தகத்திலும் படித்திருக்கிறான். ஆனால் அன்று அவன் முகத்தில் இருந்த கவனத்தை நான் முன்பு கண்டதில்லை.

குறைகளும் உண்டு. குறைந்தபட்ச இருப்பான 500 ரூபாயைத் தொட முடியாது என்பதைப் பிள்ளையிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் தன் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பான். பள்ளி நேரமும் அலுவலக நேரமும் ஒன்றாக அமைவதால் விடுமுறை நாட்களில்தான் அவனே செல்ல முடிகிறது. பதினெட்டு வயது ஆனதும் புதிய படிவமும் சான்றுகளும் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கும் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு இன்னும் பொருத்தமானது. இதையும் பத்து வயது நிறைந்தவர் தம் பெயரில் தொடங்கலாம். 6.7 விழுக்காடு வட்டியில், மொத்தம் கட்டிய 6,000 ரூபாய் முதிர்வில் 7,137 ரூபாய் அளவுக்கு வளரும். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தண்டம். தொகை சிறிது என்றாலும், தவறிய மாதத்துக்கு விலை உண்டு என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. அந்த வயதில் தொடங்கினால் கல்லூரியில் சேரும் வேளையில் பணம் கைக்கு வரும்.

ஒன்றை மட்டும் பெற்றோரிடம் வற்புறுத்திச் சொல்வேன். பாஸ்புக்கைப் பிள்ளையிடமே கொடுங்கள். எடுக்க விரும்பும்போது தடுக்காதீர்கள். நாமே வைத்துக்கொண்டு நாமே தீர்மானித்தால், பீரோவுக்கும் இந்தக் கணக்குக்கும் வேறுபாடு இல்லை.

அடுத்த ஆண்டுத் திருவிழா நெருங்கியபோது, வைகாசி முதல் நாள் மே மாதத்தின் நடுவில் வருவதால் அந்த மாத வட்டி தவறிவிடும் என்று என் மகன் தன் தாத்தாவிடம் விளக்கினான். அவர் தம் பங்கான ஐந்நூறு ரூபாயை மே 5ஆம் தேதியே அவன் கையில் கொடுத்தார்.