தடைக்காலத்தில் தொடங்கியது: பாம்பனில் ஒரு பழைய லேப்டாப், ஆறு கேம்கள், இரண்டு வருஷம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில் அந்த இரண்டு மாதமும் பாதி நாள்தான் வேலை. 2024 தடைக்காலத்தில், சேர்த்து வைத்திருந்த பணத்தில் மதுரையில் ஒரு பழைய கேமிங் லேப்டாப் வாங்கினேன். அதில் இதுவரை ஆடியவற்றில் ஆறு கேம்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியான வாரத்தில் வந்த விமர்சனங்களைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்கினேன். அவற்றில் பாதி எனக்குப் பயன்படவில்லை. பத்து மணி நேரம் ஆடிவிட்டுச் சொல்லும் கருத்தில் நூறாவது மணி நேரம் எப்படிப் போகும் என்பது இருக்காது. கரண்ட் போனால் எவ்வளவு இழப்போம், பின்னால் உட்கார்ந்து பார்க்கும் வீட்டு ஆட்களுக்கு அதில் ஏதாவது உண்டா என்பதும் இருக்காது. ஒரே கூடத்தில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எனக்கு இவைதான் முதல் கேள்விகள்.

முதலில் கருவி. கடற்கரை வீட்டில் எந்த மின்சாதனமும் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் உழைப்பது போல உழைக்காது. காற்றில் வரும் உப்பு மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் உள்ளே இருக்கும் செம்பு இணைப்புகளில் களிம்பு ஏற்றும். என் கண்ட்ரோலர் ஏழே மாதத்தில் கெட்டது. விரலை எடுத்தாலும் திரையில் ஆள் தானாக இடது பக்கம் நடந்துகொண்டே இருந்தார். இரண்டாவது கண்ட்ரோலரை ஆடி முடித்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடிவிடுகிறேன். ஒன்றேகால் வருஷம் ஆகிறது, இன்னும் நன்றாக இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அடுத்தது டவுன்லோட். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் கேட்கும் இடமே 150 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் என் போன் ரீசார்ஜில் இறக்கினால் 75 நாள், தடைக்காலத்தையே தாண்டிவிடும். அதனால் அதை வாங்கவே இல்லை. பெரிய கேம்களை மதுரையில் இருக்கும் நண்பன் அறைக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய் அங்கேயே இறக்கிக்கொள்வேன். முதல் வருஷம் பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது, மண்டபத்தோடு நின்றுவிடும். மடியில் பையை வைத்துக்கொண்டு அங்கிருந்து பஸ். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப்பாலம் திறந்த பிறகுதான் அந்தப் பாடு தீர்ந்தது.

இனி கேம்கள். முதலில் ட்ரெட்ஜ். நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் 2023 மார்ச்சில் வெளியிட்டது. சின்னப் படகில் தனியாளாக மீன்பிடிக்க வேண்டும், இருட்டினால் கடல் வேறு முகம் காட்டும். நான் 40 மணி நேரம் ஆடியிருக்கிறேன். இந்த ஆறு கேம்களில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது இதுதான்.

தொடக்கமே கடன். படகு உங்களுடையது இல்லை, ஊர் மேயர் கொடுத்தது. பிடித்த மீனை விற்று அந்தக் கடனைக் கட்ட வேண்டும். முன்பணம் வாங்கிப் படகேறுகிற ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், பார்த்ததும் நெஞ்சில் உட்காரும். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடன் அடைந்துவிடுகிறது, அதன்பின் கதையில் அதற்கு இடமில்லை. எனக்கு இது பெரிய குறை. நிஜத்தில் மனிதனை இருட்டிலும் கடலில் நிறுத்தி வைப்பது கடன்தான். அதைக் கடைசி வரை இழுத்திருந்தால் இரவில் வரும் பயத்துக்கு இன்னும் அர்த்தம் இருந்திருக்கும்.

சரியாகச் செய்தவையும் நிறைய. படகில் இடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வடிவம், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். பாறையில் இடித்தால் அந்தக் கட்டத்தில் இருப்பது போய்விடும். மீன் நாள்பட்டால் விலை இறங்கும். ஒரு இடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் அங்கே மறுபடி மீன் சேரச் சில நாள் ஆகும். கடலை இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அப்பா பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காத்து எங்கப்பா? காத்து இல்லாம ஒரு கடலா? கம்மாயில படகு விடுற மாதிரில்ல இருக்கு." அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மழை உண்டு, பனிமூட்டம் உண்டு, காற்று படகைத் தள்ளுவதில்லை, நீரோட்டம் இழுப்பதில்லை. எங்கள் ஊரில் வாடை வீசும் மாதங்களில் வடகடல் பொங்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வந்தால் நேர்மாறு. எந்தப் பக்கம் படகை இறக்குவது என்று காலையில் எடுக்கும் முடிவே காற்றை வைத்துத்தான். அப்பா சொன்ன பிறகு அந்தக் கேமில் திசைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்தன. எந்த விமர்சனத்திலும் இந்தக் குறையை நான் படித்ததில்லை.

பின்பாதியில் இன்னொரு சிக்கல். நல்ல இன்ஜின் மாட்டியதும் பயம் போய்விடுகிறது, துரத்தி வருவதைத் தாண்டி ஓடிவிடலாம். புதிய தீவுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் அதே வேலை: போ, கேட்ட மீனைப் பிடி, கொண்டுவந்து கொடு. முதல் 15 மணி நேரம் அருமை, மிச்சத்தை முடிக்க வேண்டுமே என்று முடித்தேன். கரண்ட் விஷயத்தில் நேர்மையான கேம். துறை பிடித்தால் சேவ் ஆகிவிடும். நடுக்கடலில் நின்றால் அந்த ஒரு பயணம் மட்டும்தான் போகும்.

டேவ் தி டைவர் கொரியாவின் மின்ட்ராக்கெட் செய்தது, முழுதாக வெளியானது 2023 ஜூனில். பகலில் கடலில் முங்கி மீன் குத்த வேண்டும், ராத்திரி அதையே சுஷிக் கடையில் பரிமாற வேண்டும். இதில் ஆக்சிஜனும் உயிரும் ஒன்றே. சுறா கடித்தாலும் அதே அளவுதான் குறையும். தீர்ந்துபோனால் பிடித்ததில் ஒரே ஒரு பொருளைத்தான் மேலே கொண்டுவரலாம். இந்த ஒரு விதிக்காகவே கேமை வாங்கலாம். "இன்னும் ஒரே ஒரு மீன்" என்ற ஆசைக்கு அது வைக்கிற விலை அவ்வளவு சரியாக இருக்கிறது.

என் சித்தி இருபது வருஷத்துக்கு மேலாகக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். காலில் தகரம் கட்டி, விரல்களில் துணி சுற்றி, தம் பிடித்து முங்குவார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏப்பா, தம்மு முடியப் போறது தெரியுதுல்ல, இன்னும் என்ன அங்க தேடுறான்? மேல வரச் சொல்லு" என்றார், நிஜமான பதற்றத்தோடு. அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார். கேம் என்றாலே பிள்ளைகளைக் கெடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஆனால் 25 மணி நேரத்துக்குப் பிறகு டேவ் பரந்து போய்விடுகிறது. மீன் பண்ணை, வயல், கடலடி மனிதர்களின் ஊர், ஒளிந்து ஒளிந்து போகும் கட்டங்கள், நடுவே குட்டி குட்டி விளையாட்டுகள். ஒவ்வொன்றும் தனியாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் முங்குவதற்கான நேரம் அவற்றுக்கு நடுவே தேய்கிறது. அதைவிட மனதை உறுத்துவது, அந்தக் கடலில் மீன் குறைவதே இல்லை. தினமும் காலையில் எல்லாம் திரும்ப வந்துவிடும். குஞ்சு பொரிக்கிற காலம் என்று இரண்டு மாதம் படகைக் கட்டிப்போட்டு, வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்த நாள்களில் ஆடியதாலோ என்னவோ, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ட்ரெட்ஜ் ஓரளவு யோசித்த இடத்தில் இது யோசிக்கவே இல்லை.

வெண்பா. டொராண்டோவின் விசை கேம்ஸ், 2023 ஜூலை. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்து அழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், விடுபட்ட வரிகளை யோசித்துச் சமைக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் கேமுக்கான விருது வாங்கியது. நீராவி எல்லாத் தட்டுக்கும் ஏறும்படி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது முதல் புதிர். என்னால் முடியவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன், மீதியை அவரே ஆடினார். மகன் தமிழில் பேசக் கூச்சப்படும் இடத்தில் நிறுத்தி, அண்ணன் சிங்கப்பூரில் இருந்து போன் பேசுவதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கும் இன்னும் இரண்டு சமையல் இருந்திருக்கலாம் என்றே தோன்றியது, மகன் வளரும் வருஷங்களைத் தாவித் தாவிப் போகிறார்கள். ஆனால் நேரத்தை வைத்து விலை பேசுவதை நான் ஏற்கவில்லை. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இந்தக் கேமை முழுக்க முடித்துவிட்டுக்கூடக் கேட்கலாம் என்று ஆகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம் அடுப்படியை இத்தனை அக்கறையோடு திரையில் வைத்தவர்களுக்கு அது அநியாயம்.

பலாட்ரோ பற்றிப் பேசும்போது என் வீட்டில் நடந்த சண்டையிலிருந்து தொடங்க வேண்டும். கனடாவில் ஒரே ஒருவர் உருவாக்கி 2024 பிப்ரவரியில் வந்த சீட்டுக் கேம். போக்கரில் வருவது போல ஜோடி, வரிசை என்று சீட்டுகளைச் சேர்த்துப் புள்ளி எடுக்க வேண்டும், 150 ஜோக்கர்கள் அந்தப் புள்ளிக் கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். திரையில் சீட்டைப் பார்த்ததும் அப்பா லேப்டாப்பை மூடிவிட்டார். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்த வீடுகளை அவருக்குத் தெரியும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டமே தடை போட்டது. பலாட்ரோவில் பந்தயம் இல்லை, ஒருமுறை வாங்கினால் உள்ளே மேற்கொண்டு பணம் கேட்பதும் இல்லை, இணையமும் வேண்டாம். ஐரோப்பாவில்கூட 18 வயது என்று முத்திரை குத்தி, 2025இல் 12 ஆகக் குறைத்தார்கள். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது.

இருந்தாலும் அவர் பயத்தில் பாதி நியாயம் உண்டு. 200 மணி நேரம் ஆடியிருக்கிறேன். "இன்னும் ஒரு ஆட்டம்" என்று இரண்டு மணி வரை உட்கார்ந்து, நான்கு மணிக்கு ஐஸ் ஏற்றப் போன நாள்கள் பல. பணம் போகவில்லை, தூக்கம் போனது. கரண்ட் போவதைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை, விட்ட இடத்திலேயே நிற்கும். என்னிடம் இருப்பதில் செதுக்கி வைத்தது போன்ற கேம் இதுதான். உங்கள் மேல் உங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சில்க்சாங் நான் கோபத்தோடு நேசிக்கிற கேம், பூச்சிகளின் உலகில் ஓடித் தாவிச் சண்டை போட வேண்டும். அடிலெய்டின் டீம் செர்ரி 2019இல் அறிவித்து 2025 செப்டம்பர் 4இல் வெளியிட்டது. கைவேலைப்பாடு ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது, நாயகி ஹார்னெட்டின் ஓட்டமும் தாவலும் கையில் ஒட்டிக்கொள்கின்றன. கடினம் என்பது எனக்குக் குறை இல்லை. ஐந்து உயிர் வைத்துத் தொடங்குகிறவரை ஒரே அடியில் இரண்டு உயிர் எடுக்கும் எதிரிகளை அவ்வளவு சீக்கிரம் நிறுத்தியதுகூடப் பரவாயில்லை. பாஸ் என்கிற பெரிய எதிரியிடம் தோற்றபின், கடைசியாக சேவ் ஆன பெஞ்சிலிருந்து மறுபடி அவ்வளவு தூரம் ஓடி வர வேண்டியிருப்பதுதான் குறை. பைல்வாட்டர் என்ற சேற்றுப் பகுதியில் இது உச்சம். அந்த ஓட்டத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, நேரம்தான் கரைகிறது. வந்த சில நாளிலேயே தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களை எளிதாக்கி, பேட்ச் என்கிற திருத்தம் கொடுத்தார்கள். பெஞ்சுகளை நெருக்கி வைத்திருந்தால் அதுவே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

கார்த்திகை மழையில் இதை ஆடியது எனக்குத் தண்டனை போல இருந்தது. பழைய பேட்டரி பத்து நிமிஷம்தான் தாங்கும். நடுவில் நின்றால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சுக்கே திரும்பிப் போக வேண்டும். ஒரே ராத்திரியில் மூன்று முறை அப்படிப் போயிருக்கிறேன்.

கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33, பிரான்ஸின் சாண்ட்ஃபால், 2025 ஏப்ரல். வருஷா வருஷம் ஒரு எண் குறைகிறது, அந்த வயதுக்காரர்கள் காற்றில் கரைந்து போகிறார்கள். அதை நிறுத்த ஒரு குழு கப்பலேறுகிறது. துறையில் நடக்கும் அந்த வழியனுப்புதலை எங்கள் வீட்டில் யாரும் பேசாமல் பார்த்தோம். படகுக்குப் போனவர் திரும்புவாரா என்று கரையில் நின்று பழகிய ஊருக்கு அந்தக் காட்சி கதையாக மட்டும் தெரியாது. முறை வைத்து அடிக்கும் சண்டையில், எதிரி அடிக்கும் நொடியைப் பார்த்துத் தட்டிவிடுவதைச் சேர்த்தது நல்ல யோசனை. ஆனால் குகைகளுக்குள் வரைபடம் இல்லாததால் வந்த வழியிலேயே சுற்றினேன். கடைசிப் பகுதியில் அடியின் அளவு லட்சக்கணக்கில் ஏறி, முதல் 30 மணி நேரம் கவனமாகக் கற்ற உத்திகளுக்கு வேலையில்லாமல் போகிறது.

ஒவ்வொரு வருஷமும் வரும் கால்பந்து கேம் ஒன்றையும் இடையில் வாங்கினேன். போன வருஷத்து ஆட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை, நல்ல வீரர்களைச் சேர்க்க, உள்ளே யார் வருவார் என்று தெரியாத பொட்டலங்களை வாங்கச் சொல்லிப் பணம் கேட்டது. தம்பிக்கு 16 வயது, அவன் கையில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. அழித்துவிட்டேன்.

இப்போது லேப்டாப்பில் மிச்சம் இருப்பது பலாட்ரோ, சில்க்சாங், சித்திக்காக டேவ். சித்தி பண்ணைப் பக்கம், வயல் பக்கம் போவதே இல்லை. காலையில் ஒரு முங்கு, மத்தியானம் ஒரு முங்கு, ஆக்சிஜன் பாதி இருக்கும்போதே மேலே வந்துவிடுவார். இதுவரை ஒருமுறைகூட அவர் மீனை இழந்ததில்லை.