நெல்லை வெயிலில் ஒயின்: அகன்ற டிகேன்டரா, ஏரேட்டரா, வீட்டு ஜக்கா?

ஒயினைப் பாட்டிலிலிருந்து மாற்றி ஊற்றி வைக்கும் பாத்திரமான டிகேன்டர் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எந்த மாதத்தில் ஒயின் குடிக்கப் போகிறீர்கள்? குடித்து முடித்தபின் அதை யார் கழுவப் போகிறார்கள்? விலை, அழகு, பிராண்ட் எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். "சிவப்பு ஒயினை ஊற்றி ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்" என்று மேல்நாட்டு வழிகாட்டிகள் எழுதுவது, இருபது டிகிரிக்குள் இருக்கும் அறையை மனதில் வைத்துத்தான். பாளையங்கோட்டையில் மே மாதம் வெளியே 38 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத வீட்டுக்குள் ராத்திரி எட்டு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். அந்த அறையில் ஒரு மணி நேரம் திறந்து கிடக்கும் ஒயினில் பழ மணம் பின்னுக்குப் போய்விடும், சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும். ஆகவே இங்கே டிகேன்டர்களை ஒப்பிடும்போது வேறு அளவுகோல் வேண்டும்.

முதலில், டிகேன்டர் செய்யும் வேலை என்ன? இரண்டு வேலை. ஒன்று, பாட்டில் அடியில் தங்கிய மண்டியைப் பிரிப்பது. பதநீர்ப் பானையில் சுண்ணாம்பு அடியில் படிந்தபின், கலங்காமல் மேலாக இறுத்து எடுப்போமே, அதே வேலைதான். இரண்டு, ஒயினில் காற்றுப் படவைப்பது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் நடப்பதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றுக்குப் பொருத்தமான வடிவம் மற்றதற்குப் பொருந்தாது.

மண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது நமக்கு அபூர்வமாகத்தான் தேவைப்படும். பல வருஷம் பாட்டிலிலேயே கிடந்து முதிர்ந்த சிவப்பு ஒயினிலும், விண்டேஜ் போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயினிலும்தான் மண்டி கனமாகப் படியும். நாசிக்கிலிருந்தும் நந்தி மலைப் பக்கமிருந்தும் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இளம் ஒயின்கள். வாங்கிய ஒன்றிரண்டு வருஷத்தில் குடித்துவிட வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பழைய பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தால் மட்டும் கவனம் வேண்டும். விமானத்திலும் காரிலும் குலுங்கி வந்த பாட்டிலை அன்று ராத்திரியே திறக்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அப்புறம் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பொருத்தி வைத்து, இடையில் நிறுத்தாமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். கழுத்தில் கரும்புகை போல ஒரு இழை ஓடி வருவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடியில் நிற்கும் இரண்டு மூன்று ஸ்பூன் போனால் போகட்டும். ஃப்ரிட்ஜில் வைத்த இளம் ஒயினில் சில சமயம் கற்கண்டுத் தூள் போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. அதற்குப் பயந்து பாட்டிலை வீசவேண்டாம்.

காற்று விஷயம் சர்ச்சைக்குரியது. திருகு மூடி போட்ட பாட்டிலுக்குள் காற்று அதிகம் போகாது. அதனால் சில ஒயின்களில் திறந்தவுடன் தீக்குச்சி கிழித்த வாடையோ, லேசான அழுகிய முட்டை வாடையோ வரும். அது கந்தகச் சேர்மங்களின் வேலை. நன்றாக ஊற்றி ஆற்றினாலே ஹைட்ரஜன் சல்பைடில் பெரும்பகுதி பறந்துவிடும். கேபர்னே, ஷிராஸ் என்ற திராட்சை வகைகளில் செய்த இளம் சிவப்பு ஒயின்களில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் காற்றுப் பட்டபின் கொஞ்சம் இளகியது போலத் தெரியும். இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. பிரான்சின் போர்தோ நகரத்துப் பெயர்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பேனோ, குறையில்லாத ஒயினுக்குக் காற்றால் நஷ்டமே தவிர லாபமில்லை, மண்டி இருந்தால் மட்டும் பரிமாறுவதற்குச் சற்றுமுன் இறுத்தால் போதும் என்ற கட்சி. இளம் ஒயினுக்கு அவர் சொல்வது கொஞ்சம் கடுமை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நம் ஊர் வெயிலில், நீண்ட நேரம் திறந்து வைக்காதே என்ற அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இனி பாத்திரங்களுக்கு வருவோம்.

"ஏல, பாட்டில்ல இருந்து நேரா கிளாஸ்ல ஊத்துனா என்ன?" என்று ஒரு கூட்டாளி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். வெள்ளை ஒயின், ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின், நுரைக்கும் ஒயின் ஆகியவற்றுக்கு நேராக ஊற்றுவதே சரி. நுரை ஒயினை டிகேன்டரில் கொட்டினால் வாயு போய்விடும், பிறகு அதில் என்ன இருக்கிறது? எளிய சிவப்பு ஒயினுக்கும் பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றினால் போதும். ஆனால் கார்க்கைப் பிடுங்கி பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு "மூச்சு விடட்டும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. பாட்டில் கழுத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பரப்புதான் காற்றைப் பார்க்கிறது. அரை மணி நேரம் காத்திருந்தாலும் ஒயின் மாறாது, சூடு மட்டும் ஏறும்.

அகன்ற அடி டிகேன்டர்தான் எல்லாருக்கும் தெரிந்த வடிவம். ஒன்றரை லிட்டர் கொள்ளளவு, ஒரு 750 மில்லி பாட்டிலை ஊற்றினால் மிக அகன்ற இடம் வரை வந்து நிற்கும். காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதே இதன் பலம். ஆனால் அதே பரப்பு வழியாகத்தான் அறைச் சூடும் உள்ளே போகிறது. 34 டிகிரி அறையில் 18 டிகிரி ஒயினை இதில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் 25-ஐத் தாண்டிவிடும். டிசம்பரில், கிறிஸ்துமஸ் ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ஜன்னல் திறந்த வீட்டில் இது அருமையாக வேலை செய்யும். குற்றாலத்தில் சாரல் விழும்போது அறை எடுத்துத் தங்குபவர்களுக்கும் அப்படியே. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி அறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பரிமாறியே ஆகவேண்டும் என்றால் ஒரு அகலமான எவர்சில்வர் சருவத்தில் தண்ணீரும் கொஞ்சம் ஐஸும் போட்டு அதற்குள் இறக்கி வையுங்கள்.

அன்னப்பறவை போல வளைந்தும், கொம்பு போல நீண்டும் வருகிற அலங்கார டிகேன்டர்களை வாங்கவே வேண்டாம் என்பேன். பார்க்க மனதை இழுக்கும், உண்மைதான். ஆனால் வளைவுக்குள் பிரஷ் போகாது, துணி போகாது, தண்ணீர் வடிய ஒரு நாள் ஆகும். வேகமாகச் சாய்த்தால் ஒயின் குபுக்கென்று மேஜை விரிப்பில் பாயும். அன்பளிப்பாக வந்துவிட்டால் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒல்லியான டிகேன்டர் முதிர்ந்த ஒயினுக்கு. காற்று அதிகம் படக்கூடாது, மண்டி மட்டும் பிரியவேண்டும் என்பவர்களுக்கானது. வருஷத்துக்கு ஒரு பழைய பாட்டில்கூடத் திறக்காத வீட்டில் இதற்கு வேலையில்லை.

கையடக்க ஏரேட்டரைப் பாட்டில் வாயில் செருகி ஊற்றுவார்கள். ஒயின் குறுகலான வழியில் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து காற்றை இழுத்துக் கலந்துகொள்ளும். ஒரு மணி நேரத்தில் நடப்பது ஒரு நொடியில் நடந்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை. ஆனால் கந்தக வாடையை விரட்ட இது நன்றாகவே உதவும். காத்திருக்க வேண்டாம், மிச்ச ஒயின் பாட்டிலிலேயே குளிர்ச்சியாக இருக்கும், ஒருவர் ஒரு கிளாஸ் மட்டும் குடித்துவிட்டு மூடி வைக்கலாம். கோடைக்கு ஏற்ற கருவி இதுதான். மண்டி இருக்கும் ஒயினுக்கு மட்டும் ஆகாது, கலக்கி விட்டுவிடும். சிறு துளைகளில் ஒயின் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் பயன்படுத்திய கையோடு தண்ணீரில் அலசுங்கள்.

கடைசியாக, என் ஓட்டு விழும் பாத்திரம்: வாய் அகன்ற சாதாரணக் கண்ணாடி ஜக். போரோசிலிகேட் கண்ணாடி என்றால் இன்னும் நல்லது, வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் தாங்கும். டவுன் ரத வீதிப் பாத்திரக் கடையில் அண்ணாச்சியிடம் "கை உள்ளே போகிற மாதிரி ஜக்கு" என்று கேளுங்கள். மூக்கு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொன்னால் சொட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒயினுக்குக் காற்றுப் படுவதில் பெரும்பங்கு ஊற்றும்போதே நடந்துவிடுகிறது. ஆகையால் ஜக்கில் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றி, பாட்டிலை நல்ல தண்ணீரில் அலசி, புனல் வைத்துத் திரும்ப அதே பாட்டிலில் ஊற்றிவிடுங்கள். இரட்டை டிகேன்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். ஒயின் இரண்டு முறை காற்றைப் பார்த்துவிட்டது. பாட்டில் மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் போகலாம், விருந்தாளி வரும்வரை சூடு ஏறாது. எந்த அகன்ற டிகேன்டரும் நம் ஊர்க் கோடையில் இந்த வசதியைத் தராது.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் போல கேபர்னே, ஷிராஸ் கலந்த ஒயின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை ஜக்கில் ஊற்றி ஆற்றுங்கள், பாதியைப் பாட்டிலில் விடுங்கள். இரண்டும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும், ஊற்றித் தருவது வேறொருவராக இருக்கட்டும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் டிகேன்டர் செலவு உங்களுக்கு மிச்சம்.

குளிர்ச்சி எவ்வளவு? சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி. "அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்ற வழக்கம் குளிர்ப் பிரதேசத்து அறைகளுக்கு உண்டானது. இங்கே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது, முப்பது நிமிடத்தில் பரிமாறினால் கணக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழிக் குழம்போடு குடிக்கிறீர்கள் என்றால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே இருக்கட்டும். காரம் சேரும்போது சாராயச் சூடும் துவர்ப்பும் கூடித் தெரியும்.

எந்தப் பொருளில் செய்த பாத்திரம் என்பதையும் பார்க்கவேண்டும். எவர்சில்வர் ஜக்கில் ஊற்றினால் ஒயின் கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒயின் ஆலைகளிலேயே பெரிய பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகளில்தான் நொதிக்க வைக்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறையில்லை. ஆனால் செம்பு, பித்தளைப் பாத்திரம் கூடவே கூடாது. ஒயினின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 3-க்கும் 4-க்கும் நடுவில், அந்தப் புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். மண்பாண்டமும் ஒத்துவராது. காருகுறிச்சிப் பானை தண்ணீரைக் குளிர்விப்பதே அதன் நுண்துளைகளால்தான். அதே துளைகள் ஒயினையும் அதன் வாடையையும் குடித்துவிடும்.

பழைய கிரிஸ்டல் டிகேன்டர் வீட்டில் இருந்தால் கவனம். 1674-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து, அந்தப் பளபளப்பும் கனமும் ஈயத்தால் வந்தவை. 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரிஸ்டல் டிகேன்டரில் நான்கு மாதம் வைத்த போர்ட் ஒயினில் ஈயத்தின் அளவு பல மடங்கு ஏறியிருந்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஈயக் கிரிஸ்டலில் ஒயினைச் சேமித்து வைக்கவே கூடாது. இப்போது வாங்குவதானால் ஈயமில்லாதது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இனி கழுவும் பாடு. வாங்கும்போது யாரும் யோசிக்காதது, பல டிகேன்டர்கள் பரணுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். குடித்து முடித்த ராத்திரியே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வைத்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடியில் ஊதா வளையம் பிடித்துவிடும். வாசனை தூக்கும் பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். குறுகிய கழுத்தில் அதன் வாசம் நின்று அடுத்த ஒயினில் எலுமிச்சை வீசும். கறை பிடித்திருந்தால் ஒரு கைப்பிடி பச்சரிசி, கொஞ்சம் வினிகர், கால் டம்ளர் தண்ணீர் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள். கண்ணாடியில் அரிசி உரசும் சரசரப்புக் கேட்கும், தண்ணீர் மெல்ல இளஞ்சிவப்பாகும், ஐந்து நிமிடத்தில் வளையம் கழன்றுவிடும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அலசியபின் காய்ந்தால் வெள்ளைப் பூச்சு படியும். அதற்கும் வினிகர்தான் மருந்து. கடைசி அலசலை மட்டும் தாமிரபரணித் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ செய்துவிட்டால் அந்தப் பூச்சே வராது. பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, வாய் தரையில் ஒட்டாமல் காற்று புகும்படி நிறுத்துங்கள். ஜக்காக இருந்தால் துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது.

மிச்சம் விழுந்த ஒயினை டிகேன்டரிலேயே மூடி வைத்தால் மறுநாளே சப்பென்று ஆகிவிடும். சின்ன சோடா பாட்டில் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி வைத்திருந்து, அதில் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லாததால் இரண்டு மூன்று நாள் நன்றாகவே இருக்கும்.