ரெமிங்டன் 700-க்குக் கனமான ஸ்டாக்: லேமினேட்டா, ஃபைபர்கிளாஸா, சேஸிஸா?

1962-ல் வந்த ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கு அமெரிக்கச் சந்தையில் மாற்று ஸ்டாக்குகள் (பேரலைத் தாங்கும், தோளில் வைத்துப் பிடிக்கும் உடல்பகுதி) குவிந்து கிடக்கின்றன. வசதியும் அதுதான், தலைவலியும் அதுதான். இந்த ரைஃபிளின் எஸ்பிஎஸ் மாடலோடு வரும் பிளாஸ்டிக் ஸ்டாக்கை மாற்ற வேண்டும் என்பதில் பெரிதாகச் சண்டை இல்லை. தோட்டா இல்லாத ரைஃபிளை எடுத்து, ஸ்டாக்கின் முன்பகுதியையும் பேரலையும் (குழல்) ஒரே கையால் சேர்த்து அழுத்திப் பாருங்கள், இரண்டும் தொட்டுக்கொள்ளும். பைபாடில் (முன்னால் மாட்டும் இரட்டைக்கால் தாங்கி) சாய்ந்து சுடும்போதும் இதே கூத்துதான், அந்த அழுத்தம் ஒவ்வொரு தடவையும் மாறினால் பேப்பரில் ஓட்டைகள் சிதறாமல் என்ன செய்யும்?

கனம் தேடுவது உதைப்புக்காக. .308 தோட்டாவில் 168 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 8 பவுண்டு ரைஃபிளின் உதைப்பு சுமார் 15 அடி-பவுண்டு, அதுவே 12 பவுண்டு ஆனால் சுமார் 10. தோள் வலி ஒரு பக்கம் இருக்கட்டும், சுட்ட பிறகும் ஸ்கோப்பிலிருந்து இலக்கு துள்ளி ஓடாமல் இருந்தால் குண்டு எங்கே பட்டது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

சரி, மூன்றில் மலிவு பாய்ட்ஸ் லேமினேட். தெற்கு டகோட்டாவில் செய்கிறார்கள், மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி அழுத்திய கட்டை, பார்க்கவும் அழகு. கனமும் விறைப்பும் கிடைக்கும். ஆனால் வந்தவுடன் மாட்டிச் சுட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஸ்க்ரூவை இறுக்க இறுக்க மரம் அமுங்கும். அதைத் தடுக்க ஸ்க்ரூ துளைகளில் பில்லர் எனும் உலோகக் குழாய் வைத்து, எபாக்ஸி பசையில் பெடிங் செய்ய வேண்டும், அதாவது ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் உலோகப் பகுதி) ஆடாமல் உட்கார அச்சுப் போல இடம் அமைக்க வேண்டும். கைவேலை பிடிக்கும் என்றால் ஒரு வார இறுதி ஜாலியாகப் போகும், பிடிக்காதென்றால் துப்பாக்கி மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியில் மலிவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

கான்சாஸிலிருந்து வரும் பெல் அண்ட் கார்ல்சன் மெடலிஸ்ட் இந்த வேலையை மிச்சப்படுத்துகிறது. ஃபைபர்கிளாஸ் உடம்புக்குள் அலுமினிய பெடிங் பிளாக், அதில் ஆக்‌ஷனை உட்கார வைத்து 65 இன்ச்-பவுண்டுக்கு டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஸ்க்ரூக்களை முறுக்கினால் முடிந்தது. எடை 3 பவுண்டு வாக்கில்தான், அதனால் கனத்துக்காகவே வாங்குகிறவருக்கு ஏமாற்றம். மழை, ஈரம் எதற்கும் அசையாது, தோளில் மாட்டி மலையேறவும் முடியும்.

எம்டிடி நிறுவனத்தின் ஏசிசி சேஸிஸ் (ஸ்டாக்குக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டம்) வேறு ஜாதி. முழுக்க அலுமினியம், வெறும் சேஸிஸே 5 பவுண்டைத் தாண்டும், அதற்கு மேல் வேண்டிய இடத்தில் எடைக்கட்டிகளை மாட்டிக்கொள்ளலாம். இந்த ‘வேண்டிய இடத்தில்’ என்பதற்குத்தான் காசு. பின்பக்கம் மட்டும் கனமாக இருக்கிற ரைஃபிள் தராசில் நல்ல எண் காட்டும், சுடும்போது பேரல் முனை மேலே குதிக்கத்தான் செய்யும். முன்னால் கொஞ்சம் எடை ஏற்றினால் அந்தக் குதிப்பு அடங்குகிறது. கன்னத்தாங்கி, ஸ்டாக் நீளம் எல்லாம் உடம்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விலை லேமினேட்டைப் போலப் பல மடங்கு, தனியாக ஏஐசிஎஸ் வகை மேகசினும் (கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி) வாங்க வேண்டும். ஸ்கோப், பைபாட் எல்லாம் ஏறியபின் இதைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறேன் என்பவரை நான் தடுக்க மாட்டேன், கூட வரவும் மாட்டேன்.

மேக்புல் ஹன்ட்டர் என்ற ஸ்டாக்கையும் பலர் சொல்வார்கள், நல்ல சரக்குதான், ஆனால் அதுவும் 3 பவுண்டுக்குள், நம் தேவை அதுவல்ல.

ரேஞ்சில் படுத்தோ பெஞ்சிலோ மட்டும் சுடுகிறீர்களா, காசும் இருக்கிறதா, சேஸிஸ்தான். வருஷத்தில் பாதி நாள் காட்டில் என்றால் மெடலிஸ்ட். லேமினேட்டை பெடிங் செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் சொல்வேன். எதை ஆர்டர் செய்தாலும் ஷார்ட் ஆக்‌ஷனா லாங் ஆக்‌ஷனா (தோட்டாவின் நீளத்துக்கேற்ற இரண்டு அளவுகள்), பேரல் ஒல்லியா வார்மின்ட் எனப்படும் தடித்த வகையா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள், ஒல்லி பேரலுக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த பேரல் உட்காரவே உட்காராது. மாற்றிய பிறகு ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்ய (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்ய) ஒரு பெட்டித் தோட்டாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.