லேப்டாப் திரையில் கோடு விழுந்தால்: வாரண்டியா, வெளிக்கடையா?

டர்பனில் லேப்டாப் திரை பழுதானால் வழி இரண்டுதான். வாங்கிய கடையில் வாரண்டிக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் சாட்ஸ்வொர்த்திலோ கிரே ஸ்ட்ரீட் பக்கமோ ஒரு ரிப்பேர் கடையில் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பாகத்தை, மாற்றிக்கொள்ளலாம். என் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தபோது நான் வாரண்டிப் பக்கம்தான் போனேன். வாங்கி ஆறு மாதம் ஆகாதவர்கள் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

வேகத்தில் வெளிக்கடைதான் முன்னால். பேனல் கையிருப்பில் இருந்தால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். வாரண்டியில் காசு மிச்சம், ஆனால் லேப்டாப் எப்போது திரும்பும் என்று ஃபோன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

சரி, சரிசெய்த பிறகு பழுது திரும்ப வந்தால்? என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56, இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். திருப்பிக் கொடுக்கும் செலவு விற்றவருடையது. ரிப்பேர் செய்து 3 மாதத்துக்குள் அந்தக் குறை தீரவில்லை என்றாலோ, வேறு குறை தலைகாட்டினாலோ, இன்னொரு ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கைகொடுத்தது. அதே மாடல் கடையில் தீர்ந்துபோயிருந்ததால் முதலில் ரிப்பேருக்கே சம்மதித்தேன். கோடு போய்விட்டது. ஆனால் மூடியைச் சாய்க்கும்போதெல்லாம் திரை மினுங்க ஆரம்பித்தது. மறுபடியும் சர்வீஸுக்கு அனுப்புகிறோம் என்றார்கள். பிரிவு 56ஐ எழுத்தில் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். புதிய லேப்டாப் வந்தது. மறுத்திருந்தால் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும், நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போயிருப்பேன்.

வெளிக்கடையில் மாற்றினால் இந்தப் பிடி இருக்காது. பிரிவு 57இன்படி போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் அங்கேயும் உண்டு, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சிக்கல், வெளியே ஒருவர் பிரித்த பிறகு விற்ற கடை கையை விரிக்கும். வாரண்டியில் பார்த்துவிட்டு வெளிக்கடைக்குப் போகலாம். வெளிக்கடையில் பிரித்துவிட்டு வாரண்டிக்குப் போவது கஷ்டம்.

வாரண்டிக்குக் கொடுக்கும்போது ஜாப் கார்டில், அதாவது பழுதைக் குறித்துக்கொள்ளும் சீட்டில், என்ன எழுதுகிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள். ‘டிஸ்ப்ளே டேமேஜ்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே உடைத்தது என்று பிறகு திருப்பிவிட அந்த ஒரு சொல் போதும். ‘செங்குத்துக் கோடு தெரிகிறது, கண்ணாடியில் விரிசல் இல்லை, மூடியில் நசுங்கல் இல்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். திரையை அணைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, நாலு மூலையையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. அப்புறம் கோப்புகளைப் பிரதி எடுங்கள். விண்டோஸில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியையும் தனியே எழுதி வையுங்கள்.

எங்கே கொடுத்தாலும் அதற்கு முன் வீட்டிலேயே எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பை டிவியில் இணைத்துப் பார்க்கலாம். டிவியில் கோடு இல்லையென்றால் பெரும்பாலும் குற்றம் பேனலிலோ லேப்டாப்புக்குள் அதற்குப் போகும் கேபிளிலோதான். மூடியை அசைக்கும்போது கோடு வந்து வந்து போனால் கேபிளின் மேல் சந்தேகப்படலாம். திரையில் ஒரே ஒரு புள்ளி (பிக்சல்) செத்திருந்தால் நிலைமை வேறு; பல நிறுவனங்கள் ஒன்றிரண்டு புள்ளியைக் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எத்தனை புள்ளி வரை பொறுக்கலாம் என்று வகை பிரிக்கும் ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிலையே இருக்கிறது.

வாரண்டி முடிந்துவிட்டதா, கீழே போட்டு உடைந்ததா, அப்போது வெளிக்கடையே சரி. அந்த அனுபவம் எனக்குக் கம்மி. தங்கை வீட்டுக்காரர் மாற்றியபோது கூட இருந்து பார்த்ததுதான். பழைய பேனலின் முதுகில் உள்ள மாடல் எண்ணையும், இணைப்பான் 30 பின்னா 40 பின்னா என்பதையும் பார்த்துத்தான் புதியதை வாங்கினார்கள். ஓஎல்இடி திரை, தொடுதிரை மாற்றி நான் பார்த்ததில்லை, அதனால் அதற்கு என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம்.

சென்னைக்குப் போனபோது வாங்கி வந்த லேப்டாப் என்றால், அதன் வாரண்டி இந்தியாவுக்கு மட்டுமா, இங்கேயும் செல்லுமா என்று சீரியல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் முதலில் பாருங்கள். விற்றவர் அங்கே இருக்கும்போது பிரிவு 56ஐ இங்கே யாரிடமும் நீட்ட முடியாது.