‘அல்லது அதற்கு இணையான இடம்’: எங்கள் ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டியைக் கெடுத்த நான்கு வார்த்தைகள்

எங்களுடையது 22 பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி. அட்மின், ஹெச்.ஆர்., பிறந்தநாள் கேக் வாங்குவது, ஏசி ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுவது எல்லாம் நான்தான். 2024 கிறிஸ்துமஸ் பார்ட்டியும் என் தலையில் விழுந்தது.

முதல் தப்பு என்னுடையது. நவம்பர் இரண்டாவது வாரம்தான் தேட ஆரம்பித்தேன். டிசம்பர் 25-க்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஊரில் உள்ள எல்லா கம்பெனிகளும் பார்ட்டி வைக்கின்றன. அதிலும் எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை மாலைதான் வேண்டும். எங்களுக்கும் டிசம்பர் 20, வெள்ளிக்கிழமைதான் வேண்டியிருந்தது. கேட்ட இடமெல்லாம் கையை விரித்த பிறகு ஓர் ஏற்பாட்டாளர் கிடைத்தார். ஹால், சாப்பாடு, அலங்காரம், மைக், மரம் எல்லாமே ஒரே பேக்கேஜ். நேரில் போய்ப் பார்த்தேன். தரைத்தளம், பெரிய ஜன்னல்கள், வாசலில் சாய்வுப் பாதை. எங்கள் டிசைனர் சக்கர நாற்காலியில் வருபவர் என்பதால் அந்தச் சாய்வுப் பாதையைப் பார்த்ததுமே என் மனம் முடிவு செய்துவிட்டது.

ஒப்பந்தத்தைப் படித்தேன், படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குறைந்தது 30 பேருக்குக் கட்ட வேண்டும் என்று இருந்தது. நாங்கள் 22 பேர், வீட்டாரைச் சேர்த்தாலும் 27. சரி, மூன்று இலைக்குச் சும்மா காசு, போகட்டும் என்று விட்டேன். முன்பணம் பாதி, மீதிப் பாதி ஏழு நாட்களுக்கு முன்னால். அதையும் விட்டேன். பதினோராவது ஷரத்தில் ஹாலின் பெயருக்குப் பின்னால் ‘அல்லது அதற்கு இணையான இடம்’ என்று இருந்தது. கேட்டேன். “அது சும்மா ஃபார்மாலிட்டி மேடம், நீங்க ஏன் டென்ஷன் ஆகறீங்க, நாங்க பாத்துக்கறோம்” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று மாலை ஆறு மணிக்குப் போய் நின்றால் அந்த ஹாலில் வேறொரு பெரிய கம்பெனியின் பேனர் தொங்குகிறது. எங்களுக்கு மாடியில் இடம். அதுவும் முழு ஹால் இல்லை, நடுவில் மடக்குத் தடுப்பு போட்டுப் பிரித்த பாதி. மறுபாதியில் இன்னொரு பார்ட்டி.

லிஃப்ட்? பழுது.

டிசைனரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே, “பரவாயில்லக்கா, நான் வீட்டுக்குப் போறேன், நீங்க கொண்டாடுங்க” என்றார். கடைசியில் சமையலறைக்குப் பின்னால் இருந்த சரக்கு லிஃப்ட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவரை ஏற்றிக்கொண்டு போனோம். “நானும் டெலிவரி ஆயிட்டேன்” என்று அவரே ஜோக்கடித்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றது. இணையான இடம் என்றால் யாருக்கு இணை? நாற்காலி எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் எம்.டி. பேச எழுந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் ஆரம்பித்தது. அவர் வாயசைவதை மட்டும் பார்த்தோம். அப்புறம் “பரிசு எண் 14!” என்று மைக்கில் கூப்பிட்டதும் எங்கள் கணக்காளர் கையில் சீட்டோடு துள்ளி எழுந்தார். அது அவர்களுடைய குலுக்கல். பாவம், மனிதர் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டை ஆறரைக்கே மேஜையில் வைத்துவிட்டார்கள். நாங்கள் தட்டெடுக்கும்போது மணி ஒன்பதேகால். மூடியைத் திறந்தால் ஆவி இல்லை. குனிந்து பார்த்தேன், பாத்திரங்களுக்கு அடியில் இருந்த எரிபொருள் டப்பாக்களில் சீல்கூடப் பிரிக்கவில்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, சூடாகப் பரிமாறுவதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்லும் அடிப்படை. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் ஒருவர் வருகிறார் என்று முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். எதில் கடலை இருக்கிறது என்று பரிமாறுபவரிடம் கேட்டால், “தெரியாதுங்க” என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சக ஊழியர் பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை கூடுதல் பில் வந்தது. கூடுதல் நேரக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம், அப்புறம் கேக் வெட்டும் கட்டணம். கேக் நாங்கள் கொண்டுபோனது. வெட்டியதும் நாங்கள்தான்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதினோராவது ஷரத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். முழுப் பணமும் முன்னாலேயே கொடுத்துவிட்டதால் பிடித்து வைக்க எங்கள் கையில் ஒன்றும் இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டாவது பார்த்திருக்கலாம். நாங்களோ அவர் கொடுத்த தனிநபர் கணக்குக்கு நேரடியாக அனுப்பியிருந்தோம். கம்பெனி பெயரில் கணக்கு ஏன் இல்லை என்று அப்போது எங்கள் கணக்காளர் கேட்டார். “அவசரம் சார், ஹால் போயிடும்” என்று வாயை அடைத்தது நான்தான்.

இப்போது யாராவது பார்ட்டிக்கு இடம் பார்க்கப் போனால் நான் சொல்வது இதுதான்: அந்த நான்கு வார்த்தைகளைப் பேனாவால் அடித்துவிட்டு இரண்டு தரப்பும் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். அடிக்க மறுத்தால் ‘தரைத்தளம், தனி ஹால், படியில்லாத வழி’ என்று இணையானதன் அர்த்தத்தை எழுதி வாங்குங்கள். இடம் மாறினால் பணம் திரும்ப வரும் என்றும் எழுத வேண்டும். பார்ட்டி முடிந்த மறுநாள் கொடுக்கிற மாதிரி ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதையெல்லாம் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள்.

அடுத்த அக்டோபரில் அதே ஆளிடமிருந்து வாட்ஸ்அப்: ‘இந்த ஆண்டும் எங்களோடு கொண்டாடுங்கள், முன்பதிவுக்கு 10 சதவீதத் தள்ளுபடி’. கூடவே அந்தத் தரைத்தள ஹாலின் படம். சரக்கு லிஃப்ட்டில் எடுத்த எங்கள் டிசைனரின் போட்டோவை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பதிலாக அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.